ஆலை வாசலுக்கு உள்ளே: தொழிற்சங்கமும் அதன் உறுப்பினரும்



உழைப்பவர் வாழ்வைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு பொழிவு நிகழ வேண்டும் என்று தம் சேமிப்பில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தவர்களுக்கு என் முதல் நன்றி. என்னை அழைத்த கல்லூரிக்கு அடுத்த நன்றி.

தொழிற்சங்கம் என்றதும் பலருக்கும் கொடியும் முழக்கமும் ஆலை வாசலில் போட்ட பந்தலும்தான் நினைவுக்கு வருகின்றன. செய்தித்தாள்கள் சங்கத்தைப் பற்றி எழுதுவதும் அந்த நாட்களில்தான். ஆனால் வேலைநிறுத்தம் இல்லாத நாட்களே ஆண்டில் மிகுதி. அந்த நாட்களில் ஆலைக்குள் சங்கம் என்ன செய்கிறது, அதன் சாதாரண உறுப்பினர் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணியிடத்தில் ஒரு தொழிலாளிக்கு அநீதி நேரும்போது பக்கத்து எந்திரத்தில் நிற்கும் உறுப்பினர் என்ன செய்கிறார் என்பதில்தான் சங்கத்தின் வலிமை இருக்கிறது. சட்டம், ஒப்பந்தம், தலைமை எல்லாமே அந்த ஒருவரை நம்பி நிற்பவை.

பெரம்பூர் தந்த பாடம்

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிடும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பிறந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1908-இல், தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களை வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஒன்றுதிரட்டி, கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத் தந்திருந்தார்கள். அந்தப் போராட்டம் வென்றது. ஆனால் வென்றதைக் காத்துநிற்க ஓர் அமைப்பு அங்கே எஞ்சவில்லை; தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பெரம்பூரில் நடந்தது அதிலிருந்து வேறுபட்டது. அங்கே பதிவேடும் சந்தாவும் நிர்வாகிகளும் கொண்ட நிலையான ஓர் அமைப்பு உருவானது.

பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் துணியாலைகளின் தொழிலாளர்கள் அன்று முதன்மையாக முறையிட்டவற்றில் ஒன்று உண்ணும் நேரம். நண்பகலில் அவர்களுக்குக் கிடைத்தது அரைமணி நேர இடைவேளை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியே வந்து, கைகழுவி, சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, கதவு அடைபடுவதற்குள் ஓட வேண்டும். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அந்தத் தொழிலாளர்களின் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள். பெரம்பூரில் அவர்கள் நடத்திவந்த பக்திச் சபையின் கூட்டங்களே தொழிலாளர் கூடிப் பேசும் இடமாயின. அவர்கள்தாம் திரு.வி.க.வையும் பி.பி.வாடியாவையும் அங்கே அழைத்து வந்தார்கள். வாடியா தலைவரானார். திரு.வி.க. தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தொழிலாளர் இயக்கத்துக்குக் கொடுத்தார்.

உண்ணும் நேரம் போன்ற சிறு குறைகளே சங்கத்தைப் பிறப்பித்தன என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பெரிய கொள்கைகள் பின்னால் வந்தன. தனியொருவர் கேட்டால், ‘உனக்குப் பிடிக்காவிட்டால் போ’ என்று ஒற்றை வரியில் முடிந்துபோகிற விஷயம், எல்லோரும் சேர்ந்து கேட்கும்போது பதில் சொல்லியே தீர வேண்டிய விஷயமாகிறது. சங்கம் செய்வதன் சாரம் இதுதான்.

அந்தச் சங்கத்தை ஒடுக்க நிர்வாகம் நீதிமன்றத்தை நாடியது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா முதலிய தலைவர்கள்மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றம் தலைவர்களுக்குத் தடையாணை விதித்தது. சங்கம் நடத்துவதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அதன்பின் நாடெங்கும் தெளிவானது. தொழிலாளர் தலைவர் என்.எம்.ஜோஷி அந்தப் பாதுகாப்புக்காக மத்திய சட்டமன்றத்தில் குரல் எழுப்பினார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கம் தன் நியாயமான பணியைச் செய்வதைக் குற்றச் சதி என்று வழக்காக்க முடியாது. தொழில் தகராறின்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாக இழப்பீடு கேட்கவும் முடியாது. இந்த இரண்டு பாதுகாப்புகளையும் அதன் 17, 18-ஆம் பிரிவுகள் தந்தன. பெரம்பூர்த் தொழிலாளி பட்ட அடியிலிருந்து இந்தியத் தொழிலாளர் அனைவருக்கும் ஒரு கேடயம் கிடைத்தது.

பெரம்பூர் தந்த இன்னொரு பாடம் கசப்பானது. 1921-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள்; மற்றவர்கள் வெளியே நின்றார்கள். தகராறு நிர்வாகத்தோடு என்பது மறைந்து சாதிகளுக்கு இடையிலான மோதலாக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. போராட்டம் தோற்றது. வேலைக்குத் திரும்பியவர்களைக் குறைசொல்வது எளிது. சில வாரம் கூலி இல்லாமல் தாங்க வழியில்லாத குடும்பங்கள் அவை. எரிந்த குடிசைகளுக்குள் இருந்தவர்களும் அதே ஆலையின் தொழிலாளிகள். சங்கம் அவர்களைச் சமமாக உட்காரவைத்துப் பேசியதா, முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு தந்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வெளியே ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடப்பவர்கள் ஆலைக்குள் வந்ததும் தாமாகவே ஒன்றாகிவிட மாட்டார்கள். ஒற்றுமையை அன்றாடம் உழைத்து உண்டாக்க வேண்டும். அந்த உழைப்பு உறுப்பினருடையது.

மெமோ வந்த நாள்

பணியிடத்தில் சங்கத்தின் தேவை மிகத் தெளிவாகத் தெரிவது ஒருவர் கையில் மெமோ வரும் நாளில். மேற்பார்வையாளரோடு வாய்த்தகராறு, உற்பத்திக் குறைவு, சொல்லாமல் விடுப்பு என்று ஏதோ ஒரு குற்றச்சாட்டு. இத்தனை நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று ஒரு தாள். சில நேரம் கூடவே தற்காலிகப் பணிநீக்கம். வீட்டில் சொல்லவும் முடியாமல், விளக்கம் எழுதவும் தெரியாமல் அந்தத் தொழிலாளி தவிப்பார். ‘மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடு, விஷயம் முடிந்துவிடும்’ என்று யாராவது சொல்வார்கள். அப்படி எழுதிக் கொடுத்த மன்னிப்பே பின்னாளில் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகும்.

இங்கேதான் அனுபவமுள்ள உறுப்பினர் வேண்டும். நடந்ததை நாள், நேரம், இடம், உடனிருந்தவர் பெயரோடு அன்றே எழுதிவைக்கச் சொல்பவர் அவர். விளக்கக் கடிதத்தைச் சேர்ந்து எழுதுபவர், உள்விசாரணையில் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்குவிசாரணைக்கு உதவுபவர். குற்றம் சாட்டப்பட்டவர் சங்க நிர்வாகி ஒருவரின் துணையோடு விசாரணையை எதிர்கொள்ளலாம் என்பதை மாதிரி நிலையாணைகளே (ஆலையின் பணிவிதிகளுக்கு அரசு தரும் முன்மாதிரிகள்) ஏற்கின்றன. 2025 வரை நடைமுறையில் இருந்த 1946-ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின் கீழ், தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்கு முதல் 90 நாள் ஊதியத்தில் பாதியும், தாமதம் அவரால் ஆகாதபட்சத்தில் அதன்பின் முக்கால் பங்கும் பிழைப்பூதியமாகத் தரப்பட வேண்டும் என்பது விதியாக இருந்தது. இது பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாத உரிமையை யாரும் கேட்பதில்லை.

1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் முதலில் தனியொருவரின் வேலைநீக்கத்துக்கு இடமில்லை. சங்கமோ சக தொழிலாளரோ எடுத்து நடத்தினால்தான் அது தொழில் தகராறு. 1965-இல் 2ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, வேலைநீக்கம் செய்யப்பட்ட தனியொருவரும் வழக்காடலாம் என்று ஆயிற்று. 1971-இல் வந்த 11ஏ பிரிவு, தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியது என்றால் அதைக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குத் தந்தது. இவை பெரிய முன்னேற்றங்கள். ஆனாலும் நீதிமன்றம் தீர்ப்பளிக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் உண்ண வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். வழக்குவரை போகாமல் ஆலைக்குள்ளேயே பேசித் தீர்த்துவைக்கிற சங்கம்தான் தொழிலாளிக்கு உண்மையான நிவாரணம் தருகிறது.

இதில் சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. உறுப்பினர் என்பதற்காக, அவர் செய்ததைச் செய்யவில்லை என்று சங்கம் வாதாடக் கூடாது. குடித்துவிட்டு எந்திரத்தில் நின்றவரையும் சக பெண் தொழிலாளியிடம் தவறாக நடந்தவரையும் ‘நம்ம ஆள்’ என்று காப்பாற்றும் சங்கம், அடுத்த முறை நியாயமான வழக்கைக் கொண்டுபோகும்போது மதிப்பிழந்து நிற்கும். முறையான விசாரணை எல்லோருக்கும் உரியது. தப்பிக்கவைப்பது சங்கத்தின் வேலை இல்லை.

எந்திரத்தின் அருகே நிற்பவர் அறிவு

ஒரு வால்வு கசிகிறது, ஒரு காப்புத்தடுப்பு கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது, இரவு ஷிப்டில் ஆள் குறைக்கப்பட்டிருக்கிறது என்பது முதலில் தெரிவது அங்கே நிற்பவருக்குத்தான். போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 1981 இறுதியில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். ஆலையின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி அங்கிருந்த சங்கங்கள் எச்சரித்தன. ஊர்மக்களுக்கும் தெரியட்டும் என்று சுவரொட்டி ஒட்டின. அந்தக் குரல் கேட்கப்படவில்லை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவையொட்டி நச்சுவாயு கசிந்து நடந்ததை உலகமே அறியும். அந்தப் பேரழிவுக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41ஜி, 41எச் பிரிவுகள் சேர்ந்தன. அபாயகரமான ஆலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும்; உடனடி ஆபத்தைக் கண்டால் தொழிலாளர் அதை நேராக எடுத்துச் சொல்லலாம் என்றன அவை.

சட்டம் குழுவை அமைக்கச் சொல்லும். அந்தக் குழுவில் வாய்திறந்து பேசும் துணிவை யார் தருவது? பின்னால் சங்கம் இல்லாத பிரதிநிதி, கூட்டக் குறிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து எழுந்து வருவார். மேலதிகாரியின் முகத்துக்கு நேராக ‘இந்த எந்திரத்தை இப்போது ஓட்டக் கூடாது’ என்று சொல்ல, தன் வேலைக்கு நாளை ஆபத்து வராது என்ற உறுதி வேண்டும். அந்த உறுதி சக தொழிலாளிகளிடமிருந்துதான் வர முடியும். ஆகவே சங்கத்தைத் தொழிலின் எதிரி என்று பேசுவோரிடம் நான் சொல்வேன்: கெட்ட செய்தியைப் பயமின்றிச் சொல்லும் ஓர் ஆளை ஆலைக்குள் வைத்திருப்பது ஆலைக்கே நன்மை.

பெண்கள் கேட்டதும் பெற்றதும்

நம் காலத்தில் பணியிடத்தை மாற்றிய கோரிக்கைகள் சில பெண் தொழிலாளர்களிடமிருந்து வந்தவை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலைசெய்த பெண்கள் கழிப்பறைக்காகவும் உட்காரும் உரிமைக்காகவும் அமைப்பாகத் திரண்டார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நாள் முழுதும் நின்றபடியே இருக்க வேண்டும் என்பது கடைகளின் எழுதாத விதி. 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் தன் சட்டத்தில் 22ஏ பிரிவைச் சேர்த்து, கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியருக்கு இருக்கை வசதி வேண்டும் என்றது. நீங்கள் துணியெடுக்கப் போகும்போது பாருங்கள். இருக்கை போடப்பட்டிருக்கிறதா, போடப்பட்ட இருக்கையில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? சங்கம் இல்லாத கடையில் சட்டம் அரசிதழில் மட்டும் இருக்கும்.

திண்டுக்கல் வட்டாரத்தில் நடந்தது இன்னும் ஆழமானது. ஓர் ஆயத்த ஆடை ஆலையின் இளம் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். ஆலைக்குள் பாலியல் தொல்லை நெடுநாளாக நிலவியது என்று சக தொழிலாளர்கள் வெளியே சொன்னார்கள். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதை விடாமல் எடுத்துச் சென்றது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கத்துக்கும் ஆலை நிறுவனத்துக்கும் இடையே, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகளின் துணையோடு, திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே ஆடை வாங்கும் பெரிய பன்னாட்டு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன.

அந்த ஒப்பந்தத்தில் என் மனத்தைக் கவர்ந்தது ஓர் ஏற்பாடு. தையல் தளத்தில் வேலைசெய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்து பயிற்சி கொடுத்தது. மேற்பார்வையாளர் கெட்ட வார்த்தை பேசினாலும், கைவைத்தாலும், கழிப்பறைக்குப் போக விடாவிட்டாலும், அதே வரிசையில் தைத்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பாளர் பார்ப்பார். நிர்வாகத்தோடு நடக்கும் கூட்டத்தில் எடுத்துச் சொல்வார். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்த விதி. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தது. எத்தனையோ ஆலைகளில் அந்தக் குழு அறிவிப்புப் பலகையில் பெயர்ப்பட்டியலாகத் தொங்குகிறது. சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் அந்தத் தையல் வரிசைப் பெண்கள்.

ஒப்பந்தம் யாருக்கு?

கூலி பேசுவது சங்கத்தின் வேலைகளில் எல்லோரும் அறிந்தது. மூன்றாண்டு, நான்காண்டுக்கு ஒருமுறை கோரிக்கைச் சாசனம் கொடுப்பது, அடிப்படை ஊதியம், பஞ்சப்படி, உற்பத்தி அளவு, கேண்டீன், பேருந்து என்று ஒவ்வொன்றாகப் பேசுவது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களைக் கொண்டு தொழிற்சங்கக்காரர்கள் ‘18(1)’, ‘12(3)’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நிர்வாகமும் சங்கமும் தமக்குள் செய்துகொள்ளும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்பினரை மட்டும் கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் ஏற்படும் 12(3) ஒப்பந்தம் ஆலையின் தொழிலாளர் அனைவரையும் கட்டுப்படுத்தும். சந்தா கட்டாதவரும் அதன் பயனைப் பெறுவார். இது நியாயமே. ஆனால் பலன் வரும்போது முன்வரிசையிலும் சந்தா கேட்கும்போது பின்வரிசையிலும் நிற்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லோரும் அப்படி நின்றால் பேசுவதற்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

சங்கங்களிடமும் ஒரு கேள்வி உண்டு. ஒரே எந்திரத்தில் ஒரே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு கூலி, ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதில் ஒரு பங்கு, பயிற்சியாளர் என்று பெயர் சூட்டப்பட்டவருக்கு அதைவிடக் குறைவு. ஒரகடமானாலும் ஓசூரானாலும் திருப்பூரானாலும் இதே காட்சி. வடமாநிலத்திலிருந்து வந்த இளைஞருக்குக் கோரிக்கைச் சாசனத்தில் இடமுண்டா? அவர் மொழியில் ஒரு துண்டறிக்கையாவது உண்டா? நிரந்தரத் தொழிலாளர் நலனை மட்டும் காக்கும் சங்கம், ஆண்டுதோறும் ஓய்வுபெறுவோரோடு சேர்ந்து சுருங்கிக்கொண்டே போகும். 1921-இல் பட்ட அடி இன்று வேறு உருவில் காத்திருக்கிறது.

கட்சிக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு பிளவு என்பதும் தொழிலாளரைத் தளர்த்தியிருக்கிறது. ஆயினும் தேவை வந்தபோது அவர்கள் ஒன்றுசேர்ந்ததை நாம் கண்டோம். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுங்கட்சி சார்ந்த சங்கம் உட்பட எல்லாச் சங்கங்களும் எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று, 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் முதன்முதலாக மே நாள் கொண்டாடி நூறாண்டு நிறைந்த அதே நாளில், மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார்.

இன்றைய சட்டமும் நாளைய உறுப்பினரும்

சங்கம் அமைப்பது அரசமைப்பின் 19-ஆம் பிரிவு தந்த அடிப்படை உரிமை. ஆனாலும் 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே நின்றது, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதை முதன்மைக் கோரிக்கையாக வைத்துத்தான். பதிவுக்கே உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுக்கு வழி சொன்னது. பதிவு பெற்ற சங்கத்தோடு முதலாளி பேசித்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டை நூறாண்டாக அடைபடாமல் இருந்தது.

2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு இப்போது நிலைமையை மாற்றுகிறது. ஆலையின் 51 விழுக்காட்டுத் தொழிலாளரை உறுப்பினராகக் கொண்ட சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். 20 பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் இடங்களில் இருதரப்பும் சமமாக அமரும் குறைதீர்க்கும் குழு வேண்டும். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் முன்பு 100 பேர் இருந்தால் கட்டாயமான நிலையாணைகள் இனி 300 பேர் இருந்தால்தான் கட்டாயம். ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற வரம்பும் தொழிற்சாலைகளுக்கு 100-லிருந்து 300-ஆக உயர்ந்துவிட்டது. எந்த ஆலையிலும் 14 நாள் முன்அறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பாதிப் பேர் சேர்ந்து விடுப்பெடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். சிறிய ஆலையின் தொழிலாளி பழைய பாதுகாப்பை இழந்து நிற்கிறார். மத்தியத் தொழிற்சங்கங்கள் பலவும் எதிர்ப்பது இதைத்தான். அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நானும் கருதுகிறேன்.

அதே நேரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 51 விழுக்காடு என்பது எண்ணிக்கை. எண்ணப்படுபவர் உறுப்பினர். இனி வெளியிலிருந்து வரும் தலைவரின் செல்வாக்கை மட்டும் நம்பிச் சங்கம் நடத்த இயலாது. ஷிப்டுக்கு ஷிப்டு, வரிசைக்கு வரிசை, ஆள்ஆளாகப் பேசிச் சேர்க்க வேண்டும். குறைதீர்க்கும் குழுவில் உட்காரப் படித்தவர்கள் வேண்டும், கணக்குத் தெரிந்தவர்கள் வேண்டும், பெண்கள் வேண்டும்.

மாணவ மாணவியரே, உங்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் ஆலைக்கோ வங்கிக்கோ மென்பொருள் நிறுவனத்துக்கோ வேலைக்குப் போவீர்கள். பணி ஆணையைக் கையெழுத்திடுமுன் முழுதும் படியுங்கள். அங்கே நிலையாணை இருக்கிறதா, புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதல் மாதத்திலேயே கேளுங்கள். சங்கம் இருந்தால் சேருங்கள். சந்தாவுக்கு ரசீதும் ஆண்டுக் கணக்கும் கேளுங்கள். மகாசபைக் கூட்டத்தில் தலைவரைக் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். சங்கம் இல்லாத இடத்தில் சேர்ந்து பேசத் தொடங்குங்கள். ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், பதிவு பெறத் தொழிலாளரில் பத்தில் ஒரு பங்கோ நூறு பேரோ, இரண்டில் எது குறைவோ அது போதும். நீங்கள் மேலாளராகப் போனால், எதிரே உட்காரும் தொழிலாளர் பிரதிநிதியைச் சமமாக மதித்துப் பேசுங்கள். எங்கே போனாலும், பக்கத்தில் வேலைசெய்பவருக்கு மெமோ வந்தால் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல், அவரோடு உட்கார்ந்து அந்த விளக்கக் கடிதத்தை எழுதிக் கொடுங்கள். அன்றைக்கே நீங்கள் தொழிற்சங்க உறுப்பினர் ஆகிவிடுகிறீர்கள். அட்டை பிறகு வரும்.